கிட்டப்பா: குரலாய் நின்றவர்

சிற்பி மறைகிறான், அவன் செதுக்கிய கல் கோயில் மண்டபத்திலே நிற்கிறது. புலவன் மறைகிறான், அவன் எழுதிய ஏடு அச்சேறி மாணவர் கைகளிலே தவழ்கிறது. நாடக நடிகனோ விடியற்காலையில் திரை விழும்போதே தன் படைப்பையும் இழந்துவிடுகிறான். பார்த்தவர் நெஞ்சிலே அது சிறிது காலம் வாழும். பார்த்தவர்களும் மறைந்தபின் பெயர் ஒன்றே மிஞ்சும்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 27. அவருடைய நாடகத்தை நேரிற் கண்டவர்கள் இன்று நம்மிடையே இல்லை என்றே சொல்லலாம். அவர் எந்தத் திரைப்படத்திலும் நடித்தவரல்லர். ஆயினும் தமிழ் இசை நாடகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் இன்னும் அவர் பெயரிலேதான் வந்து நிற்கிறார்கள். இஃது எப்படி நேர்ந்தது? இளமையிலேயே இறந்தார் என்ற பரிதாபத்தாலா? அல்லது அவர் கலையின் வலிமையாலா? அந்தக் குரலுக்கு ஆட்பட்ட ரசிகன் என்ற முறையில் இவ்வினாவுக்கு விடை தேட முயல்கிறேன்.

அவர் குரலை நான் முதன்முதலிற் கேட்டது ஆலையடிவேம்பிலே, என் அம்மப்பாவின் வீட்டுத் திண்ணையில். வேளாண்மை வெட்டும் சூடடிப்பும் முடிந்து ஊர் சற்று ஓய்ந்திருக்கும் இரவுகளில் அவர் தமது கிராமபோன் பெட்டியை வெளியே எடுத்து வைப்பார். அக்கரைப்பற்றிலிருந்து அவருடைய முஸ்லிம் நண்பர்கள் இருவர் தவறாமல் வந்து அமர்வார்கள். வெற்றிலைத் தட்டம் நடுவிலே இருக்கும். சாவி முறுக்கி, ஊசி மாற்றி, தட்டின் மேல் மெல்ல இறக்கியதும், முதலில் மழை பெய்வது போல ஓர் இரைச்சல் எழும். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வரும். பெரியவர்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அம்மப்பாவும் கிட்டப்பாவைக் கண்டவரல்லர். கேட்டதொன்றே அவருக்குப் போதுமாயிருந்தது.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கிழக்குக் கரையை அழித்த சூறாவளியிலே அந்த வீட்டுக் கூரை விழுந்தது. பெட்டியும் தட்டுகளும் நொறுங்கின. அரக்கினாற் செய்த அத்தட்டுகளின் கறுப்புத் துண்டுகளைச் சேற்றிலே பொறுக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எந்தத் துண்டில் எந்தப் பாட்டு இருந்தது என்று யாராற் சொல்ல முடியும்? ஒரு கலைஞன் இரண்டாம் முறையும் இறந்துவிட்டான் என்றே சிறுவனாகிய எனக்கு அன்று தோன்றிற்று.

கிட்டப்பா பிறந்தது 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆம் திகதி. ஊர் செங்கோட்டை. குற்றாலச் சாரல் எட்டும் மலையடிவாரம் அது. அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்து, 1956ஆம் ஆண்டிலேதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்ததும் அவ்வூரே. மணியாச்சியிலே அந்தத் துப்பாக்கி வெடித்த 1911ஆம் ஆண்டில் கிட்டப்பா ஐந்து வயதும் நிரம்பாத பிள்ளை. தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டிலே செல்லமாக அழைத்த கிட்டப்பா என்ற பெயரே உலகத்துக்கும் பெயராயிற்று.

குடும்பத்தில் பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. அந்நாளில் அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்குக் குரல் நன்றாயிருந்தால் ஒரு வழி திறந்திருந்தது. அதுதான் பாலர் நாடக சபை. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நடத்தி வந்த சபையிலே கிட்டப்பாவின் தமையன்மார் சேர்ந்தனர். அவர்களோடு ஐந்தாறு வயதிலேயே கிட்டப்பாவும் மேடை ஏறினார். பள்ளிக்கூடம் செல்லவேண்டிய பருவத்தில் நாடகக் கொட்டகையே அவருக்குப் பள்ளியாயிற்று.

அந்தப் பள்ளியின் முறை கடுமையானது. பகலெல்லாம் பாடமும் பாட்டும், இரவெல்லாம் நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலம். கீற்றுக் கொட்டகையிலே கடைசி வரிசையிலே தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் சொல் தெளிவாய் எட்டவேண்டும். எட்டாவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். ஆகவே உச்சச் சுருதியிலே பாடுவது அன்று நாகரிகமன்று, தேவை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பிள்ளைகளுக்கு அத்தோடு மேடை வாழ்வும் முடிந்துவிடும். முந்தைய நாள்வரை கதாநாயகியாய் ஆடியவன் மறுநாள் திரை இழுக்கப் போவதுண்டு. எத்தனையோ சிறுவர்களை விழுங்கிய அந்த வாசலைக் கிட்டப்பா சேதமின்றிக் கடந்தார். வாலிபத்திலும் அவர் சாரீரம் ஐந்து கட்டைச் சுருதியிலே அலட்சியமாய் உலாவிற்று. உச்சத்திலே பலருக்குக் குரல் ஊசியாய் மெலிந்துவிடும். கிட்டப்பாவுக்கோ அங்கேதான் அது விரிந்து மலரும். பிருகாக்கள் மணி மணியாய் உதிரும்.

பின்னர் அவர் கன்னையா கம்பெனியிலே சேர்ந்தார். காட்சி ஜோடனைக்குப் பேர் போன கம்பெனி அது. திரைச்சீலைகளும் தந்திரக் காட்சிகளும் கண்டு சென்னை நகரமே வியந்தது. தசாவதாரத்திலே மோகினியாகவும், இராமாயணக் கதையிலே பரதனாகவும் கிட்டப்பா பெற்ற புகழ் பெரிது. தியாகராஜ சுவாமிகளின் எவரனி என்ற தேவாமிருதவர்ஷிணிக் கீர்த்தனையைச் சங்கீத சபையின் வாயிலைக் காணாத பாமர மக்களும் முணுமுணுக்கும்படி செய்தவர் அவர். வள்ளலாரின் அருட்பாவை இராகமாலிகையாக அவர் பாடிய தட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. குருகுலத்திலே பல்லாண்டு தங்கிப் பயின்றவரல்லர். கேள்வி ஞானமே பெரும்பகுதி. ஆயினும் இராகத்தின் இலக்கணம் வழுவாமலும், சொல்லின் பொருள் சிதையாமலும் அவர் பாடினார். ஹார்மோனியத்திலே அவருடைய சகோதரர் காசி ஐயர் துணை நிற்பார். பண்டிதரும் பாமரரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து ஒரே இடத்திலே தலையசைத்தார்கள் என்பதே அவர் செய்த பெருஞ்செயல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914ஆம் ஆண்டு கப்பல் ஓடத் தொடங்கியபின் தமிழ்நாட்டு நாடகக்காரர் இலங்கைக்கு வருவது எளிதாயிற்று. கொழும்பிலே மாதக்கணக்கில் தங்கி ஆடினார்கள். இப்போக்குவரத்தின் பயனாகவே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு ஈழத்திலும் வேரூன்றிற்று. பிற்காலத்திலே காங்கேசன்துறை வைரமுத்து அவர்கள் மயான காண்டம் ஆடி யாழ்ப்பாணத்து மக்களைக் கண்கலங்க வைத்ததும் அவ்வேரிலிருந்து எழுந்த தளிரே.

கொடுமுடியிலே பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் அவ்வாறு வந்தவரே. வறுமையிலே வளர்ந்து, இரயில் வண்டியிலே பாடிய சிறுமியாய் எப். ஜி. நடேச ஐயர் கண்ணிற் பட்டு, மேடைக்கு வந்தவர் அவர். 1926ஆம் ஆண்டிலே அவர் கொழும்பில் ஆடிக்கொண்டிருந்தபோது கிட்டப்பாவும் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே மேடையில் தோன்றினர்.

அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை இங்கே சிறிது சொல்லவேண்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமலே ஓரிரவு சேர்ந்து ஆடுவார்கள். எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்குள்ளே தர்க்கத்துக்கு இடமுண்டு. வள்ளி திருமணத்திலே தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாய் வரும் வேலனும் எதிரெதிர் நிற்கும்போது, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு, ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சொல் என்று போட்டி மூளும். தோற்றவர் பெயர் மறுநாளே ஊரெங்கும் பரவிவிடும். கிட்டப்பாவின் குரலுக்கு முன் எந்தப் பெண்ணும் நிற்கமுடியாது என்றும், சுந்தராம்பாளின் குரலுக்கு முன் எந்த ஆணும் நிற்கமுடியாது என்றும் ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு காத்திருந்தனர். நடந்ததோ வேறு. இரு குரல்களும் ஒன்றையொன்று வீழ்த்தவில்லை, ஒன்றையொன்று உயர்த்தின. அந்த ஜோடிக்கு நிகரான ஜோடி தமிழ் மேடையிலே பின்னர் தோன்றவில்லை என்று அதைக் கண்ட தலைமுறை சொல்லிச் சென்றது.

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு இதிலே ஒரு தனி உறவு உண்டு. ஆண்டுதோறும் கதிர்காம யாத்திரிகர்கள் நம் வீதிகளின் வழியே நடந்து போகிறார்கள். திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று அவர்கள் பாதை காட்டுக்குள்ளே செல்கிறது. வள்ளியம்மை கதிர்காமத்து வேடர் குலத்திலே வளர்ந்த பெண் என்பதே நம் நாட்டு ஐதிகம். வேலன் கடல் கடந்து வந்து வள்ளியைக் கண்ட நாட்டிலேயே, வேலனாய் ஆடியவர் வள்ளியாய் ஆடியவரைக் கண்டார். தற்செயல்தான். ஆயினும் அம்மப்பாவின் திண்ணையில் இருந்தவர்களுக்கு அது தற்செயலாய்த் தோன்றியதேயில்லை.

மேடை மணம் வாழ்வின் மணமாயிற்று. 1927ஆம் ஆண்டிலே கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இல்லறம் புகுந்தனர். இவ்விடத்திலே ரசிகனின் பேனா சற்றுத் தயங்குகிறது. கிட்டப்பாவுக்கு முன்னரே திருமணமாகியிருந்தது. அந்த அம்மையாரின் துயரை அவர் புகழ்பாடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு வரியிலே கடந்துவிடுகின்றன. சுந்தராம்பாளின் வாழ்வும் மலர்ப்படுக்கையாய் இருக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களே உயிரோடிருந்தது. மனத்தாங்கல்கள் வந்தன, பிரிவு வந்தது. அந்தப் பிரிவிலே சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்தன. மரியாதை குறையாத சொற்களிலே அவ்வளவு வேதனையை அடக்கிவைக்க முடியுமா என்று அவற்றைப் படிப்பவர் மனம் கலங்கும். மேடையிலே வள்ளியைத் தேடித் தேடி வந்த வேலன், வாழ்விலே காத்திருக்க வைத்தான்.

உடல்நலமும் கெட்டது. ஆறு வயதிலிருந்து இரவை இரவென்று அறியாத உடம்பு அது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை உச்சச் சுருதியிலே பாடிவிட்டு, அடுத்த ஊருக்கு வண்டியேறும் வாழ்வு. களைப்பை மறக்க வந்த குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. வயிற்றுநோய் வாட்டிற்று. இதை மறைப்பது அன்பாகாது. புகழின் நெருப்பிலே எரியும் கலைஞனுக்கு ஓய்வெடு என்று சொல்ல அன்று எவரும் இலர். நாடகக் குத்தகைக்காரருக்கும் கொட்டகை நிறைந்தால் போதும், ரசிகருக்கும் இன்னொரு முறை பாடினால் போதும். ஒருமுறை பாடிய பாட்டை மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி ஆரவாரித்த ரசிகர் கூட்டமும் அந்த உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செலவழித்ததிலே பங்குகொண்டது. ரசிகர் பரம்பரையிலே வந்த நான் இதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

1933ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே திருவாரூரில் நாடகம். நோயோடு மேடையேறிய கிட்டப்பா நடிப்பின் நடுவே மயங்கி விழுந்தார். அதுவே அவருடைய கடைசி மேடையாயிற்று. சில வாரங்களில் அவர் உயிர் பிரிந்தது.

தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்து அப்போது இரண்டாண்டுகள்தாம் ஆகியிருந்தன. இன்னும் சில காலம் உயிரோடிருந்தால் வெள்ளித்திரை அவரைத் தேடி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வந்திருந்தால் அவர் நடை எப்படி, கையசைவு எப்படி, பாடும்போது கண்கள் எங்கே நிலைத்தன என்பதை நாமும் கண்டிருப்போம். அமெரிக்க ஊமைப்படங்களின் நாயகன் ருடால்ப் வாலண்டினோ 1926ஆம் ஆண்டிலே 31 வயதில் இறந்தான். கொழும்பிலே கிட்டப்பா சுந்தராம்பாளைச் சந்தித்த அதே ஆண்டு. வாலண்டினோவின் முகமும் அசைவும் படச்சுருளிலே நிலைத்துவிட்டன. ஆனால் அம்முகத்துக்குக் குரல் இல்லை. கிட்டப்பாவின் குரல் தட்டிலே நிலைத்துவிட்டது. அக்குரலுக்கு அசையும் முகம் இல்லை. விஞ்ஞானம் ஒருவனிடம் கண்ணுக்குரியதையும், மற்றவனிடம் காதுக்குரியதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நிமிடத்துக்குச் சிறிது கூடுதலாகத்தான் பாடமுடியும். மேடையிலே அரைமணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தை அந்தச் சிறு சிமிழிலே அடைக்கவேண்டும். ஆக, நம்மிடம் இருப்பது கிட்டப்பா அல்லர். கிட்டப்பாவின் ஒரு துளி. ஆனால் அந்தத் துளியே அவர் காலமான பின் பிறந்தவர்களையும் ஆட்கொண்டது. எம். கே. தியாகராஜ பாகவதரின் இளமைக் காலப் பாட்டிலே கிட்டப்பாவின் சாயல் உண்டு. டி. ஆர். மகாலிங்கத்தின் உச்சக் குரலிலே அச்சாயல் முற்றும் வெளிப்பட்டது. பரிதாபத்தினால் கண்ணீர் பிறக்கலாம்; பரம்பரை பிறக்காது. பரம்பரை பிறப்பது கலையின் வலிமையினாலேயே. என் முதல் வினாவுக்கு இதுவே விடை.

இன்னொரு சாட்சியும் உண்டு. கணவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்த வெள்ளைச் சேலையை 1980ஆம் ஆண்டில் மறையும்வரை, 46 ஆண்டுகளுக்கு மேல், அவர் மாற்றவில்லை. நெற்றியிலே திருநீறு, கழுத்திலே உருத்திராட்சம். இனி எந்த ஆணோடும் ஜோடியாய் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935ஆம் ஆண்டிலே நந்தனார் படத்துக்காக ஓரிலட்சம் ரூபாய் பெற்று அவர் நடித்தது நாட்டையே வியக்க வைத்தது. அதிலும் அவர் ஏற்றது நந்தன் என்னும் ஆண் வேடமே. 1953ஆம் ஆண்டு ஔவையாராகத் திரையிலே தோன்றியபோது, தமிழ்ப் பாட்டியின் உருவம் இதுவே என்று உலகம் ஏற்றுக்கொண்டது. தம்மைத் துன்பப்படுத்திய ஒருவரை இவ்வளவு காலம் நெஞ்சிலே வைத்திருந்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம், பதில் பாட்டுக்காகச் சற்றே இடைவெளி விட்டுப் பாடுவது போல எனக்குத் தோன்றுவதுண்டு. இது ரசிகனின் பிரமையாக இருக்கலாம்.

சூறாவளிக்குப் பல ஆண்டுகளின் பின்னர் அந்தப் பாட்டுக்களை மீண்டும் கேட்டேன். வேறெங்கோ, யாரோ ஒருவர் பத்திரமாய் வைத்திருந்த தட்டுகளிலிருந்து அவை பிரதியெடுக்கப்பட்டு, இன்று கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றன. அதே மழை இரைச்சல், அதே குரல். அம்மப்பா அப்போது இல்லை. அக்கரைப்பற்று நண்பர்களும் இல்லை. கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கிய சிறுவன் அறியாத உண்மையொன்றை அன்று அறிந்தேன். கலைஞன் இரண்டாம் முறை இறப்பது தட்டு உடையும்போதன்று; கேட்டு வைத்தவர் எவரும் இல்லாதபோது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிட்டப்பாவின் குரலை மூன்று நிமிடம் கேளுங்கள்; ஒருமுறை இரைச்சல் தெரியும், மறுமுறை பாட்டுத் தெரியும். அதன் பின் நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். வட்டக்களரியிலே விடியும்வரை பாடிய வடமோடி, தென்மோடி அண்ணாவிமார் எத்தனை பேர்! பொல்லடிக்குப் பாட்டெடுத்த முஸ்லிம் அண்ணாவிமார் எத்தனை பேர்! வயல் வரம்பிலே கவி பாடிய பெண்கள் எத்தனை பேர்! அவர்களுள் பெரும்பாலோரின் மூன்று நிமிடங்கூட நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்போர் இன்னும் சிலர் நம் அயல் வீடுகளிலே இருக்கிறார்கள். பதிவு செய்யும் கருவியோ ஒவ்வொரு மாணவன் சட்டைப் பையிலும் இருக்கிறது.

அவர்களிடம் போய் அமர்ந்து, ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டு, அதைப் பத்திரப்படுத்துங்கள். ஓரிடத்தில் அன்றி ஈரிடத்தில் வையுங்கள். சூறாவளியைக் கண்டவன் சொல்கிறேன். 27 வயதிலே மறைந்த அந்தச் செங்கோட்டைக் கலைஞனுக்கு ஆலையடிவேம்பு ரசிகன் ஒருவன் செலுத்தக்கூடிய அஞ்சலி இதுவே.